அறிவினாவும் ஐயவினாவும்: இளையோர் சமயக் கல்வியில் வினாவிடை முறை – நன்னூல்வழி ஒரு நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

தமிழ்க் கிறித்தவத் திருச்சபைகளில் சமயம் கற்பிக்கும் பணி பதினாறாம் நூற்றாண்டு முதல் வினாவிடை வடிவத்தையே பெரிதும் சார்ந்து வந்துள்ளது. அவ்வடிவத்தில் வினா ஆசிரியருக்கும் விடை மாணவருக்கும் உரியனவாக அமைகின்றன. சிறாருக்குப் பொருந்திய இவ்வமைப்பு, பதின்பருவத்தைக் கடந்த இளையோரிடம் ஏன் தளர்ந்துவிடுகிறது என்பதை நன்னூல் கூறும் அறுவகை வினாக்களைக் கருவியாகக் கொண்டு இக்கட்டுரை விளக்க முயல்கிறது. மனப்பாடக் கல்வியை முற்றிலும் ஒதுக்கும் இன்றைய போக்கும் இதில் மறுக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: சமயக் கல்வி, ஞானோபதேசம், வினாவிடை, நன்னூல், திடப்படுத்தல், இளையோர்

முன்னுரை

தென்னிந்தியத் திருச்சபையிலும் லுத்தரன் திருச்சபையிலும் குழந்தைப் பருவத்தில் திருமுழுக்குப் பெற்ற ஒருவர், வளர்ந்தபின் தம் நம்பிக்கையைத் தம் வாயால் அறிக்கையிட்டு முழு உறுப்பினராவதற்கு முன் ஆயத்த வகுப்பில் பயில்கிறார். திடப்படுத்தல் வகுப்பு என்று இது வழங்கப்பெறும். கத்தோலிக்கர் உறுதிப்பூசுதல் என்பர். பெரும்பாலும் 13 முதல் 16 வயதிற்குட்பட்டோர் இவ்வகுப்பில் அமர்வர். பத்துக் கட்டளைகள், விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், இரு திருவருட்சாதனங்கள் ஆகியவை வினாவிடையாகப் பயிற்றப்படும். இறுதியில் ஆயர் கேட்பார்; மாணவர் ஒப்புவிப்பர். ஒப்புவித்தலோடு வகுப்பு முடியும். பலருக்குத் திருச்சபையில் பெறும் முறையான கல்வியும் அன்றோடு முடிந்துவிடுகிறது.

இக்கட்டுரையாளரும் அவ்வாறு ஒப்புவித்தவர்களுள் ஒருவர். அவ்வகுப்பில் உடன் பயின்ற மாணவன் ஒருவன் கேட்ட வினாவே இவ்வாய்வின் தொடக்கம் எனலாம். திருச்சபை ஒரே உடல் என்ற பாடம் நடந்த நாளில், “அப்படியானால் நம் கல்லறைத் தோட்டத்திற்கு நடுவில் ஏன் சுவர் இருக்கிறது?” என்று அவன் கேட்டான். பாடம் நடத்திய உபதேசியார் நல்லவர், மாணவரிடம் அன்புடையவர். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, “அது பாடத்தில் இல்லை தம்பி” என்றார். அது உண்மைதான்; பாடத்தில் அது இல்லை. தமிழகத்தின் சில கிறித்தவக் கல்லறைத் தோட்டங்களில் சாதிவாரியான பிரிவுகள் இருப்பது ஆய்வாளர்களாலும் நாளிதழ்களாலும் பதிவுசெய்யப்பட்ட செய்தி. ஆயின், ஞானோபதேச நூல் எதிலும் அதற்கு வினாவும் இல்லை, விடையும் இல்லை.

இஃது இறையியற் கட்டுரை அன்று. கற்பித்தலில் வினா யாருடையதாக இருக்கிறது என்னும் ஒன்றை மட்டும், தமிழ் இலக்கண மரபு தரும் சொற்களைக் கொண்டு ஆராய்வதே இதன் எல்லையாகும்.

நன்னூல் தரும் அளவுகோல்

பவணந்தி முனிவர் சொல்லதிகாரப் பொதுவியலில் வினாவை அறுவகைப்படுத்துகிறார்: அறிவு, அறியாமை, ஐயம், கொளல், கொடை, ஏவல். விடை தெரிந்தவர் தெரியாதவரைச் சோதிக்கக் கேட்பது அறிவினா. ஆசிரியர் மாணவரிடம் ஒரு தொடரின் பொருள் யாது எனக் கேட்டல் இதற்கு வழக்கமான எடுத்துக்காட்டு. தெரியாதவர் தெரிந்துகொள்ளக் கேட்பது அறியாவினா. இதுவா அதுவா எனத் துணிய இயலாதவர் கேட்பது ஐயவினா; அரையிருளில் கிடப்பது பாம்போ கயிறோ என்பது போல. கடையில் பருப்பு இருக்கிறதா என்பது கொளல்வினா. உடுக்க ஆடை இல்லையா என்று கொடுக்கும் எண்ணத்தோடு கேட்பது கொடைவினா. சாப்பிட்டாயா என்று கேட்டுச் சாப்பிடத் தூண்டுவது ஏவல்வினா.

இப்பாகுபாட்டின் நுட்பம் கவனிக்கத்தக்கது. வினாவின் சொல்லமைப்பைக் கொண்டு இது செய்யப்படவில்லை. கேட்பவர் யார், அவருக்கு எவ்வளவு தெரியும், எதற்காகக் கேட்கிறார் என்பவற்றைக் கொண்டே செய்யப்படுகிறது. ஒரே தொடர் ஒருவர் வாயில் அறிவினாவாகவும் மற்றொருவர் வாயில் அறியாவினாவாகவும் ஆகலாம். “இறைவன் யார்?” என்று உபதேசியார் கேட்டால் அறிவினா, பேருந்தில் அருகமர்ந்த பிற சமயத்தவர் கேட்டால் அறியாவினா, நள்ளிரவில் மருத்துவமனை வராந்தாவில் நிற்கும் இருபது வயது இளைஞர் தமக்குள் கேட்டுக்கொண்டால் அதனை எவ்வகையில் அடக்குவது என்பது உரையாசிரியர்களுக்கே சற்றுக் கடினமாக இருக்கும்.

நன்னூலார் சமணர் என்பதும், அவர் நூலைச் சைவரும் கிறித்தவரும் வேறுபாடின்றிப் பயின்றனர் என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கன. சமயக் கல்வியை அளக்க எச்சமயத்திற்கும் உரியதல்லாத ஓர் அளவுகோல் கிடைப்பது அரிது.

அச்சேறிய வினாவிடை

தமிழில் அச்சு நூல்களின் வரலாறே ஞானோபதேசத்தோடு தொடங்குகிறது. இயேசு சபைத் துறவி அண்டிரிக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578-ஆம் ஆண்டு கொல்லத்தில் தமிழெழுத்தில் அச்சானது. 16 பக்கங்கள் கொண்ட சிறு நூல். அடுத்த ஆண்டு கொச்சியில் அச்சான ‘கிரீசித்தியானி வணக்கம்’, போர்ச்சுகீசியரான மார்க்கோசு ஜோர்ஜ் சிறாருக்காக எழுதிய ஞானோபதேச நூலின் தமிழாக்கம். மூலநூல் ஆசிரியர் வினவ மாணவர் விடையிறுக்கும் அமைப்புடையது.

இவற்றுக்கு முன்பே, 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார், மணியடித்துச் சிறாரைக் கூட்டித் தமிழாக்கம் செய்யப்பட்ட செபங்களை ஒப்புவிக்கச் செய்ததையும், அச்சிறாரே வீட்டில் பெற்றோருக்குக் கற்பிக்க வேண்டும் என்று ஏவியதையும் தம் மடல்களில் குறித்துள்ளார். மொழியறியாத ஆசிரியர், எழுத்தறியாத மாணவர், நெடிய கடற்கரை என்னும் சூழலில் ஒப்புவித்தலைத் தவிர வேறு முறை ஏதும் கைகொடுத்திருக்க இயலாது. இம்முறையைக் குறைகூறுவோர் இச்சூழலை மறந்துவிடுகின்றனர்.

மார்க்கோசு ஜோர்ஜின் அதே நூல் சப்பானிய மொழியிலும் தழுவப்பட்டு, 16-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டில் அங்கும் அச்சானது. அங்கே நிகழ்ந்த மாற்றம் சமயக் கல்வி பற்றி ஆராய்வோர் அனைவரும் எண்ணிப் பார்க்க வேண்டியது. சப்பானியப் பதிப்பில் வினாவும் விடையும் இடம் மாறின: மாணவர் கேட்கிறார், ஆசிரியர் விடையிறுக்கிறார். அங்கே நூலைக் கையாள வேண்டியிருந்தோர் சிறார் மட்டுமல்லர். பௌத்த மடங்களின் வாதமுறையை அறிந்த வயதுவந்தோரும் ஆவர். கற்பவர் மாறியபோது வினாவின் உரிமையும் மாறியது. நன்னூலின் சொல்லில் கூறுவதாயின், அறிவினா நூல் அறியாவினா நூலாகத் திரிந்தது. கோட்பாடு மாறவில்லை, கேட்பவரின் வாய் மட்டுமே மாறியது.

1706-ஆம் ஆண்டு சூலை 9-இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு, லுத்தர் 1529-இல் வெளியிட்ட சிறு ஞானோபதேசத்தைத் தமிழாக்கிப் பள்ளிகளில் பயிற்றினார். லுத்தரின் நூல் குடும்பத் தலைவர் தம் வீட்டாருக்குக் கற்பிக்க வேண்டிய முறையாக எழுதப்பட்டது என்பதை அதன் தலைப்புகளே காட்டும். ஒவ்வொரு கட்டளைக்கும் பின்னர் அதன் பொருளைக் கேட்கும் சிறு வினா வரும். முதலில் சொற்களை மாறாமல் பயிற்றுக, பின்னர்ப் பொருளைப் பயிற்றுக, அதன்பின் விரிந்த நூலுக்குச் செல்க என்று முன்னுரையில் அவர் படிநிலை வகுத்துள்ளார். தமிழகத்துத் திடப்படுத்தல் வகுப்புகள் முதற்படியை நன்கு பற்றிக்கொண்டன. இரண்டாம் படியையும் மனப்பாடமாக்கின. மூன்றாம் படிக்குப் பெரும்பாலும் ஏறவில்லை.

ஆயினும், தமிழரிடம் அறியாவினா கேட்டவரும் சீகன்பால்குவே. 1712 முதல் சில ஆண்டுகள் அவரும் உடன் பணியாளர் கிருண்ட்லரும் தமிழ் அறிஞர்களுக்கு வினாக்கள் விடுத்து, அவர்கள் எழுதிய விடை மடல்களைச் செர்மன் மொழியில் பெயர்த்து ஆலே நகருக்கு அனுப்பினர். திருமணம், கல்வி, நாள்கோள், மறுபிறப்பு, கிறித்தவம் பற்றிய தமிழரின் கருத்து என விரியும் அம்மடல்கள் ஐரோப்பியருக்குத் தமிழ்ச் சமூகத்தை உட்புறமிருந்து காட்டின. ஒரே மனிதர் காலையில் பள்ளியில் விடை தெரிந்த வினாவையும், மாலையில் மடலில் விடை தெரியாத வினாவையும் கேட்டிருக்கிறார். அவருடைய பள்ளி முறை நம் திருச்சபைகளில் நிலைத்தது. மடல் முறையோ ஆவணக் காப்பகத்தில் நின்றுவிட்டது.

வினாவிடை வடிவம் கிறித்தவத்தோடு நின்றுவிடவில்லை. யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியாரின் பள்ளியில் பயின்று, அங்கேயே கற்பித்து, விவிலியத் தமிழாக்கத்திலும் அவருக்குத் துணைநின்ற ஆறுமுக நாவலர், 1848-இல் அப்பணியைத் துறந்து வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அவருடைய ‘சைவ வினாவிடை’ இரண்டு புத்தகங்களும் அவ்வடிவத்தைச் சைவத்திற்கு முற்றிலும் உரியதாக்கிக்கொண்டன. எதிரியின் படைக்கலத்தை எடுத்தாண்டார் என்று இதனைக் கூறுவது வழக்கம். அவர் எடுத்துக்கொண்டது சிறார் கல்விக்குரிய படைக்கலம் என்பதை அவரே அறிந்திருந்தார் என்பது, பெரியோருக்குக் கோயிலில் வாரந்தோறும் பிரசங்கம் என்னும் வேறு வடிவத்தை அவர் கையாண்டதிலிருந்து புலனாகும்.

வினா யாருடையது?

ஞானோபதேசம் என நாம் வழங்குவதற்கு ஈடான கிரேக்கச் சொல்லின் வேர்ப்பொருள் ஒலிக்கச் செய்தல், எதிரொலித்தல் என்பது. ஆசிரியர் குரல் மாணவரிடமிருந்து திரும்பி வருதல் என்று இதனைக் கொள்ளலாம். நன்னூலார் மாணாக்கரை உவமைகளால் தரம் பிரிக்குமிடத்து, கற்பித்ததைக் கற்பித்தவாறே சொல்லும் கிளியை இடைநிலை மாணாக்கருக்கு உவமையாக்குகிறார். கடை மாணாக்கர் அல்லர் என்பது ஆறுதல். முதல் மாணாக்கர் அல்லர் என்பதும் உண்மை. பாலையும் நீரையும் பிரித்தறியும் அன்னமும், மேய்ந்ததை ஓரிடத்திருந்து அசைபோடும் பசுவுமே முதல் மாணாக்கருக்கு உவமைகள்.

தொடக்கக் காலத் திருச்சபையில் ஞானோபதேசம் பெற்றோர் பெரும்பாலும் வயதுவந்தோரே. அவர்கள் தாமாகத் தேடி வந்தவர்கள். ஏறத்தாழ கி.பி. 400-இல், கார்த்தேசு நகரத் திருத்தொண்டர் ஒருவர் தம் போதனை தமக்கே சலிப்பூட்டுகிறது என்று முறையிட்டபோது, அவருக்காக அகுஸ்தினார் ஒரு நூல் எழுதினார். கற்றவர் ஒருவர் கேட்க வந்தால் அவர் அறிந்ததையே திரும்பக் கூறிச் சலிப்பூட்டாமல், எந்நூல்கள் அவரை இவ்விடம் கொண்டுவந்தன என்று முதலில் கேட்டறிய வேண்டும் என்பது அதிலுள்ள அறிவுரைகளுள் ஒன்று. குழந்தைத் திருமுழுக்குப் பொதுவழக்கான பின்னரே போதனை திருமுழுக்குக்குப் பின் நகர்ந்தது, கேட்போர் சிறாராயினர், வினாவும் ஆசிரியரிடம் சென்று சேர்ந்தது.

யூத மரபில் பாஸ்கா இரவு விருந்தில் இளையவர் வினவுவதிலிருந்தே விடுதலையின் கதை தொடங்குகிறது. இணைச்சட்ட நூலும், பிள்ளை கேட்கும்போது பெற்றோர் என்ன சொல்ல வேண்டும் என்று கூறுகிறது; பிள்ளை கேட்கும் என்பதை அது முன்னரே எடுத்துக்கொள்கிறது. லூக்கா நற்செய்தி பன்னிரண்டு வயது இயேசுவைக் கோவிலில் போதகர் நடுவே காட்டும்போது, அவர் செவிமடுப்பவராகவும் வினவுபவராகவுமே காட்டப்படுகிறார். திடப்படுத்தல் வகுப்பின் வயதை ஒட்டியது அது. அவ்வகுப்பில் அதே பகுதி கீழ்ப்படிதலுக்கு எடுத்துக்காட்டாகவே பெரும்பாலும் கற்பிக்கப்படுகிறது என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும்.

சைவ சித்தாந்த சாத்திரங்கள் பதினான்கனுள் மனவாசகங் கடந்தார் இயற்றிய ‘உண்மை விளக்கம்’ மாணவர் வினவக் குரு விளக்கும் அமைப்புடையது. உமாபதி சிவாசாரியாரின் ‘வினா வெண்பா’ இன்னும் ஒரு படி முன்னே செல்கிறது. அதன் பதின்மூன்று வெண்பாக்களும் தம் குருவாகிய மறைஞானசம்பந்தரை முன்னிலைப்படுத்தி எழுப்பும் ஐயங்களை மையமாகக் கொண்டவை. வினாவே நூலாகும் தகுதியுடையது என்று கருதிய மரபொன்று தமிழில் இருந்திருக்கிறது. வினாவிடை நூல்களின் பெருக்கத்தில் அது கண்ணுக்குப் புலனாகாமல் போயிற்று.

இளையோரின் பருவம்

இளையோர் சமயக் கல்வி பற்றி மேலைநாட்டில் எழுந்த ஆய்வுகளுள் மூன்றினை மட்டும் இங்குத் தொடுதல் போதும். சான் வெஸ்டர்காப் 1976-இல் வெளியிட்ட நூலில் நம்பிக்கையை நான்கு நிலைகளாகக் காண்கிறார்: குழந்தைப் பருவத்தில் பட்டறியும் நம்பிக்கை, பின்னர்ச் சமூகத்தைச் சார்ந்து நிற்கும் நம்பிக்கை, அதன்பின் தேடும் நம்பிக்கை, இறுதியில் தனதாகிவிட்ட நம்பிக்கை. மரத்தின் வளையங்கள்போல் ஒன்றைச் சுற்றி மற்றொன்று வளர்கிறது. புதியது வந்தமையால் பழையது அழிவதில்லை. இவற்றுள் தேடும் நிலை பதின்பருவத்தின் பிற்பகுதியில் ஐயத்தோடு தொடங்குவது. சேம்சு பவுலர் 1981-இல் முன்வைத்த நம்பிக்கைப் படிநிலைகளிலும் இதனோடு ஒப்பத்தக்க திருப்பம் உண்டு. சூழ்ந்திருப்போரின் நம்பிக்கையை ஏற்று வாழும் மூன்றாம் நிலையிலிருந்து, அதனைத் தாமே எடுத்துப் பார்த்து ஏற்கவோ மறுக்கவோ செய்யும் நான்காம் நிலைக்கு ஒருவர் பெயரும் காலம் இளமையின் முற்பகுதியே.

பவுலரின் படிநிலைகள் தனிமனிதரை மையமிட்டவை. வேலை, திருமணம், வழிபாடு ஆகிய மூன்றையும் குடும்பத்தோடு கலந்தே முடிவுசெய்யும் தமிழ் இளையோரை அவை முழுதும் அளக்கா. ஆயினும் ஒன்று வெளிப்படை. நம் வகுப்பு பதினைந்து வயதில் முடிகிறது. வினா பதினெட்டில் தொடங்குகிறது. அப்போது அவ்விளைஞர் சென்னையிலோ கோவையிலோ பெங்களூரிலோ விடுதி அறையில் இருக்கிறார். ஊரில் எஞ்சியிருப்போர் வாலிபர் ஐக்கியத்தில் பாட்டுப் பயிற்சியும் விழா ஏற்பாடும் வேத வினாடிவினாப் போட்டியும் பெறுகின்றனர். வினாடிவினா என்பதும் அறிவினாவே. மெத்தூசலா 969 ஆண்டுகள் வாழ்ந்தார் என்பதை நொடியில் கூறும் இளைஞர் பலரை இக்கட்டுரையாளர் அறிவார். இக்கட்டுரையாளரும் அப்போட்டியில் பரிசு பெற்றவரே.

மூன்றாவது ஆய்வு எதிர்த்திசையிலிருந்து வருவது. அமெரிக்கச் சமூகவியலாளர் கிறிஸ்தியன் ஸ்மித்தும் மெலிண்டா டென்டனும் 3,000-க்கும் மேற்பட்ட பதின்பருவத்தினரை ஆராய்ந்து 2005-இல் வெளியிட்ட நூலில், அவர்களுள் பெரும்பாலோர் சமயத்தை வெறுக்கவில்லை; ஆனால் தாம் நம்புவதைச் சொல்லச் சொற்களின்றித் தடுமாறினர் என்று கண்டனர். நீ என்ன நம்புகிறாய் என்று வயதுவந்த ஒருவர் தம்மைக் கேட்பது அதுவே முதன்முறை எனப் பலர் உணர்ந்ததாகவும் தோன்றியது. அவர்கள் ஞானோபதேச மனப்பாடம் பெரிதும் கைவிடப்பட்ட சூழலில் வளர்ந்தவர்கள்.

இவ்வாய்வு மனப்பாடத்தை இகழ்வோருக்கு ஓர் எச்சரிக்கை. பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவுலோ பிரேயர், வங்கியில் பணம் இடுவதுபோல் மாணவருக்குள் செய்தியை இடும் கல்வியைக் கண்டித்தது முற்றிலும் ஏற்கத்தக்கது. அக்கண்டனத்தை எடுத்துக்கொண்டு, சிறாருக்கு எதையும் மனப்பாடம் செய்விக்க வேண்டா என்று கூறுவோரை இக்கட்டுரையாளரால் ஏற்க இயலவில்லை. ஐயப்படுவதற்கும் சொற்கள் வேண்டும். கல்லறைச் சுவரைப் பற்றிக் கேட்ட அம்மாணவன், திருச்சபை ஒரே உடல் என்ற விடையை மனப்பாடம் செய்திராவிடில் அவ்வினாவைக் கேட்டிருக்கவே மாட்டான். அறிவினாவின் விடைதான் அவனுக்கு ஐயவினாவைத் தந்தது. குறை, முதல் வினாவைக் கற்பித்த திருச்சபை இரண்டாவது வினாவுக்கு இடம் வைக்காததில் உள்ளது.

கால் கூறும் அரைக் கூறும்

பாடம் கேட்டலின் இயல்பைக் கூறும் நன்னூற் பாயிரம், பாடத்தைப் போற்றுதலோடும் கேட்டதை நினைத்தலோடும் நிறுத்தாமல், ஒத்தாரோடு பயிலுதல், வினவுதல், தம்மை வினவியவற்றுக்கு விடையளித்தல் ஆகியவற்றையும் மாணவரின் கடமைகளாக வைக்கிறது. இன்னோரிடத்தில் கணக்கே தரப்படுகிறது. ஆசிரியர் கூறியதை முழுக் கவனத்தோடு கேட்டாலும் மாணவர் பெறுவது புலமையின் காற்கூறு. உடன் பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு காற்கூறு. எஞ்சிய அரைக்கூறு பிறருக்கு எடுத்துரைக்கும்போதே கிட்டுகிறது.

திருச்சபையின் இளையோர் கல்வியை இக்கணக்கில் வைத்து நோக்கினால், ஞாயிறு அருளுரையும் சிறப்புக் கூட்டமும் முதற் காற்கூறுக்குள் அடங்கிவிடும். வாலிபர் ஐக்கியம் இரண்டாம் காற்கூறாக வேண்டியது. ஆங்கும் பெரும்பாலும் ஒருவர் பேசப் பிறர் கேட்கின்றனர். அரைக்கூற்றுக்கு ஒரே வாயில் ஓய்வுநாள் பள்ளியில் சிறாருக்குக் கற்பித்தல். அவ்வாசிரியர்களுள் பலர் இளம்பெண்கள். நம்பிக்கையைத் தம் சொற்களில் கூறப் பழகியவர்கள் திருச்சபையில் யாரெனத் தேடினால் அவர்களிடமே சென்று முடிவது வியப்பன்று. அவர்களுக்கென நடத்தப்படும் ஆயத்தக் கூட்டங்களைப் பாடக்குறிப்பு வழங்கும் கூட்டங்களாக மட்டும் நடத்துவது பெரும் இழப்பு.

தாமஸ் குரூம் 1980-இல் விரித்துரைத்த பகிர்வுமுறைக் கல்வி இதனை வகுப்பறை நடைமுறையாக்க உதவும். கற்போர் முதலில் தம் வாழ்வின் நடைமுறை ஒன்றைப் பெயரிட்டுக் கூறுவர். அது ஏன் அவ்வாறு உள்ளது என ஆராய்வர். பின்னரே சமய மரபின் கதை அவர்முன் வைக்கப்படும். மரபு வாழ்வையும், வாழ்வு மரபையும் வினவும். இறுதியில் ஒரு முடிவு எடுக்கப்படும். மரபு மூன்றாவதாக வருகிறது என்பதே பல ஆயர்களுக்கு உறுத்தலாக உள்ளது. மரபு கேட்கப்பட்ட வினாவுக்கு விடையாக வரும்போது அதன் எடை கூடுகிறது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

விடை பற்றியும் நன்னூல் கூறுவது ஆசிரியர்க்கு உதவும். எண்வகை விடைகளுள் சுட்டல், மறுத்தல், உடன்படல் ஆகிய மூன்றே நேர்விடைகள். எதிர்வினா எழுப்புதல், தமக்கு உற்றதைக் கூறுதல், உறப்போவதைக் கூறுதல் முதலியனவும் விடைகளே. நற்செய்தி நூல்களில் வரி செலுத்துதல் பற்றிக் கேட்டோருக்கு நாணயத்தில் இருப்பது யாருடைய உருவம் என்ற எதிர்வினாவே விடையின் தொடக்கம். இளையோரின் ஐயவினா முன் தடுமாறும் ஆசிரியர், தமக்கு நேர்விடை தெரிந்திருக்க வேண்டும் என்று எண்ணியே அஞ்சுகிறார். எனக்கும் இந்த ஐயம் இருந்தது, இன்னும் இருக்கிறது என்று கூறுவதும் உற்றதுரைத்தல் என்னும் இலக்கணம் ஏற்ற விடை.

சுவரைப் பற்றிய வினா

அதே ஊரில், கடந்த கோடை விடுமுறையில், 18 முதல் 25 வயதுடைய பன்னிருவரோடு இக்கட்டுரையாளர் ஆறு வாரம் அமர நேர்ந்தது. முதல் வாரம் வினாக்களை மட்டும் எழுதித் தரக் கேட்டுக்கொண்டபோது, வந்த தாள்களுள் நான்கு சுவரைப் பற்றியவை. பாடத்தில் இல்லாதிருந்த வினா பத்தாண்டுகளுக்கும் மேலாக அங்கேயே காத்திருந்தது.

இரண்டாம் வாரம் அவர்கள் முதியோரிடம் சென்று அறியாவினா கேட்டு வந்தனர்: சுவர் எப்போது, யாரால் எழுப்பப்பட்டது? ஆளுக்கொரு காலம் கூறினர். முன்பு அங்கு முள்வேலியே இருந்தது என்றார் ஒரு பாட்டி. ஆடு மாடு வராமல் இருக்கக் கட்டியது என்றார் ஒரு பெரியவர். நடுவில் கட்டினால் ஆடு எப்படி வராமலிருக்கும் என்று கேட்டதற்கு அவர் சிரித்துவிட்டார். மூன்றாம் வாரமே கலாத்தியருக்கு எழுதப்பட்ட மடலின் மூன்றாம் அதிகாரம் வாசிக்கப்பட்டது. அனைவரும் முன்பே மனப்பாடமாக அறிந்த பகுதி அது. அன்று அதனை வாசித்தவர் பாதியில் நிறுத்தி மீண்டும் முதலிலிருந்து வாசித்தார்.

விவாதம் எளிதாக இல்லை. இருவர் அதன்பின் வரவில்லை. அவர்களுள் ஒருவரின் தந்தை, பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக்கொடுக்கச் சொன்னால் ஊர்ப் பகையைக் கிளறுகிறீர்கள் என்று நேரில் வந்து கடிந்துகொண்டார். அவர் கூற்றில் ஒரு பகுதி நியாயம் இருந்தது. வகுப்பில் எழும் வினாவின் விலையை விடுமுறை முடிந்து நகரத்திற்குத் திரும்பிவிடும் ஆய்வு மாணவர் செலுத்துவதில்லை; அவ்வூரில் வாழ்வோரே செலுத்துகின்றனர். இதனை அவரிடமே ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

ஐந்தாம் வாரம், அதுவரை பேசாதிருந்த ஓர் இளம்பெண் பேசினார். அவருடைய தாயும் தந்தையும் சுவரின் இருபுறத்துக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். தந்தை முன்பே இறந்து ஒருபுறம் அடக்கம் செய்யப்பட்டவர், தாய் நோயுற்றிருந்தார். “எங்க அம்மாவை எந்தப் பக்கம் வைக்கிறது?” என்று அவர் கேட்டார்.

இதுவோ அதுவோ எனத் துணிய இயலாமற் கேட்பதால் இஃது ஐயவினா. எவர் முடிவு செய்வர் என்று அவர் உண்மையிலேயே அறியாமையால் அறியாவினாவும் ஆகும். அங்கிருந்த எவரும் அதனை அவ்வாறு மட்டும் கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்பது சாப்பிடு என்பதைப் போல, அவ்வினா அங்கிருந்தோரைச் செயலுக்கு ஏவியது. நேர்விடை எவரிடமும் இல்லை. ஆறாம் வாரம் பதின்மரும் சேர்ந்து அவ்வினாவை, ஒரு சொல்லையும் கூட்டாமல் குறைக்காமல், ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டுச் சேகரக் குழுவிடம் அளித்தனர். தாளை வாங்கிக்கொண்டவர் அன்றைய உபதேசியார். இப்போது அக்குழுவின் மூத்த உறுப்பினர். அவர் அதை இருமுறை வாசித்துவிட்டு, அடுத்த கூட்டத்தின் பொருள்நிரலில் முதலாவதாக அதனைத் தம் கையாலேயே எழுதிச் சேர்த்தார்.